நாலு குடம் காடி

அத்தியாயம் 11

சுசீலாபாய் இன்னும் எத்தனை வாரம் அழப்போகிறாள் என்று கேட்டு நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். கொஞ்சம் கோபமாகவே போட்டிருக்கிறார். அம்மா, கண்ணீருக்கு இந்த வாரம் லீவு. இன்றைக்கு அவள் அரிசி களையப் போகிறாள்.

நடுவில் ஒன்றிரண்டு இதழ்களை விட்டவர்களுக்காக நாலு வரி. கம்பளத்தை நனைப்பது பெரிய காரியமில்லை, நனைத்த தண்ணீரைத் திரும்ப வாங்குவதுதான் காரியம் என்று கண்டுபிடித்தவன் ஃபிட்டர் ராஜமணி. திருவனந்தபுரத்து மழையில் நனைந்த கம்பளம் பத்து நாளானாலும் காயாது, அடிச்சணல் அழுகி நாறும். அதனால் அவன் ஒரு மெஷின் வரைந்தான். முன்குழாய் சூடான மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சும், நடுவில் பிரஷ் தேய்க்கும், பின்குழாய் அழுக்கோடு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மருந்து என்ன, எந்தக் கம்பளத்துக்கு எது என்பதெல்லாம் அவன் மனைவி சுசீலாபாயின் வேலை. மிஷன் தையல் பள்ளியில் நூலுக்குச் சாயம் ஏற்றிப் பழகிய கை அது.

இரண்டு பேரும் எழுதி வைத்த நோட்டு ஒரு நாள் காணாமல் போனது. பிறகு அதே மெஷின், ராஜமணியின் அண்ணன் தங்கப்பன் வீட்டு முற்றத்தில் முளைத்தது. கிளப்புகளுக்கும் மாளிகைகளுக்கும் திரைச்சீலை மாட்டி, கம்பளம் விரிக்கும் கான்ட்ராக்டர் அவன். மெஷினின் நெற்றியில் 'தங்கப்பன் பேட்டண்ட்' என்று பித்தளைப் பலகை வேறு.

ராஜமணி அண்ணனோடு சண்டை போடவில்லை. பொய்யும் சூதும் கண்டால் ஒதுங்கிப் போகிற சுபாவம் அவனுக்கு. "அதுல என் பேரு ஏறின அன்னைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டு, மலைமேல் இருக்கிற போனக்காடு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். போய் மூன்று மாதம் ஆகிறது.

தங்கப்பனோ ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொன்னான்: "பம்பு நட்டு முறுக்கியவன் மெஷின் செஞ்சானாம், அவன் பெண்டாட்டி மருந்து கண்டுபிடிச்சாளாம்!" அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சுசீலாபாய் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது என்பது என் கட்சி.

இனி, வெள்ளிக்கிழமை.

*

காலை ஏழு மணி. மலையாளத்து ஆடியான கர்க்கடக மாத மழை கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம். கண்ணம்மூலையில் சுசீலாபாயின் வாடகை வீட்டு அடுக்களை வாசலில் தாசம்மாள் வந்து நின்றாள். தங்கப்பனின் மனைவி. இடுப்பில் வெறுங்குடம்.

"சுசீலா, அரி களஞ்ச வெள்ளம் உண்டா பிள்ளே?"

"பசுவைத்தான் வித்தாச்சே அக்கா. பின்ன ஏன்?"

"பசுவுக்கில்ல. மெஷினுக்கு."

சுசீலாபாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்குப் பாளையத்துக் கிளப்புல பெரிய சிவப்புக் கார்ப்பெட்டைக் கழுவிக் காட்டணும்" என்றாள் தாசம்மாள். "இதுவரை வெள்ளைச் சாக்கையும் கால்மிதியையும்தான் கழுவிப் பாத்தாவ. சாயம் போட்ட கம்பளம் இதுதான் முதல். அதுக்குக் கடைசியில ஒரு தொட்டி காடி சூடா விடணும்னு நோட்டுல இருக்காம். தெருத் தெருவா அலஞ்சு ரெண்டரைக் குடம் காடி சேத்தாச்சு. இன்னும் ஒண்ணரைக் குடம் வேணும்."

சுசீலாபாயின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

காடி! அவள் பிறந்த நெய்யூர்ப் பக்கத்தில் காடி என்றால் புளித்து, கண்ணைக் கரிக்கிற வினாகிரி. பெரிய வெள்ளிக்கிழமைத் தமிழ் ஆராதனையில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும், சிலுவையில் தாகம் என்றவருக்குக் கொடுத்ததாக வருஷா வருஷம் கேட்கிற வார்த்தை. கம்பளத்தின் சிவப்பு கசியாமல் நிற்க அந்தப் புளிப்புதான் வேண்டும் என்று நாற்பது துண்டு நூலை நனைத்துப் பார்த்த பிறகே நோட்டில் எழுதினாள்.

தங்கப்பன் எட்டு வயதில் மாமா வீட்டோடு திருவனந்தபுரம் வந்தவன். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பான். பெரிய மனிதர் ஆனபின் கோயிலிலும் மனைவியைக் கூட்டிக்கொண்டு இங்கிலீஷ் ஆராதனைக்குத்தான் போவான், பெரிய வெள்ளிக்கும் அதுதான். அவனுக்குத் தெரிந்த காடி மலையாளக் காடி, தொழுவத்தில் பசுவுக்கு வைக்கிற அரிசி கழுவிய தண்ணீர்.

திருடின நோட்டை வாசிக்கத் தெரியவில்லை அவனுக்கு.

'அது இந்தக் காடி இல்லை அக்கா.' ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையே இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே கோயில் வாசல் சிரிப்பும் வந்தது.

சுசீலாபாய் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணரைக் குடம்தானே? இப்பத் தாறேன், இருங்க அக்கா."

தாசம்மாள் தயங்கினாள். "ஒங்கிட்டயே வந்து கேக்க எனக்கு நாணமாத்தான் இருக்கு. ஆனா எழுதினது நீதானே பிள்ளே, அதான் கேக்கேன். தெளிஞ்ச வெள்ளமா, கலங்கின வெள்ளமா?"

"கலங்கினதுதான்" என்றாள் சுசீலாபாய், முகம் மாறாமல். "அடியில நிக்கிய மாவு எல்லாம் சேந்து போகணும். சூடு ஏற ஏறக் கரண்டி விட்டுக் கலக்கிக்கிட்டே இருக்கணும். தெளிய விட்டா பலிக்காது."

"அப்படியா? நல்லவேளை கேட்டேன்."

தனியாக இருக்கிறவள் அன்றைக்கு எட்டுப் பேருக்கான பச்சரிசியை அள்ளிப் போட்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, ஐந்து தடவை தேய்த்துத் தேய்த்துக் களைந்தாள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் தங்கப்பனின் முகத்தை நினைத்துக்கொண்டாள். தாசம்மாளின் குடமும், தன் வீட்டுக் குடத்தில் பாதியும் பால் நிறத்தில் நிரம்பின.

"நீயும் கூட வாயேன். தனியா எனக்குக் கை ஓடாது" என்றாள் தாசம்மாள்.

அவள் அழைக்காவிட்டாலும் சுசீலாபாய் போயிருப்பாள்.

*

கிளப்பின் நடு ஹாலில் முப்பதடி நீளத்துக்கு விரிந்து கிடந்தது கம்பளம். சிவப்பு என்று சொன்னால்தான் சிவப்பு. மூன்று மழைக்காலத்துப் பூஞ்சணமும், மெம்பர்கள் சிந்திய தேநீரும், செருப்புச் சேறும் ஏறி ஏறிக் காவி நிறமாகியிருந்தது. சுற்றிலும் நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு மெம்பர்கள். காரியதரிசி நாகேஸ்வரன் கரமனை அக்கிரகாரத்துக்காரர். எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புகிறவர், கையில் பென்சிலோடு நின்றார். இன்று கம்பளம் சரியாக வந்துவிட்டால் ஊரிலுள்ள மாளிகைகள் அத்தனையும் இந்த மெஷினைத்தான் கூப்பிடும் என்று பேச்சு. அப்புறம் அந்தப் பலகையிலிருந்து தங்கப்பனின் பெயரை யாராலும் எடுக்க முடியாது.

சுசீலாபாயும் தாசம்மாளும் பின் வராந்தாவில் குடங்களோடு நின்றார்கள்.

முதல் தொட்டி பூந்திக்கொட்டைத் தண்ணீர். கூலியாள் பம்பு அடிக்க, தங்கப்பன் கோட்டும் சூட்டுமாக மெஷினைத் தள்ளினான். முன்குழாய் பீய்ச்சியது, பிரஷ் உருண்டது, பின்குழாய் குடித்தது. மெஷின் போன தடத்தில் கம்பளம் ரத்தச் சிவப்பாக எழுந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சுசீலாபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. (வாசகி மன்னிக்க வேண்டும், இது அழுகை இல்லை.) வீட்டு அடுக்களைத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, உறிஞ்சும் குழாயின் வாய் எத்தனை அகலம் இருக்க வேண்டும் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட ராஜமணி இதைப் பார்க்க இல்லையே! ஓடிப்போய், அடுத்த தொட்டியை ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

அப்போது ஒரு மெம்பர் கேட்டார்: "இந்த யுக்தி எப்படி ஐயா தோணிச்சு?"

தங்கப்பன் குனிந்து வணங்கினான். "தெய்வம் தந்தது சார். ஒரு நாள் விடியக்காலம் கண்ணு முழிச்சேன், முழு மெஷினும் தலைக்குள்ள நின்னுது."

சுசீலாபாய் எடுத்து வைத்த காலைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, காடியைக் கொண்டு குடுங்க" என்றாள்.

*

நாலு குடமும் செம்புத் தொட்டிக்குள் போனது. அடியில் கரியைப் போட்டு விசிறினார்கள். சுசீலாபாய் சொன்னபடியே தாசம்மாள் நீளக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆவி வந்தது. ஆவியோடு ஒரு வாசனையும் வந்தது.

நாகேஸ்வரன் மூக்கை உறிஞ்சினார். "என்ன ஓய், சாதம் வடிக்கற வாசனை வர்றது?"

"அது கெமிக்கல் சார்" என்றான் தங்கப்பன்.

மெஷின் நகர்ந்தது. முதல் பத்தடி வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பம்பு முனகியது. பின்குழாய் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டது. ஏனென்றால், நன்றாகக் கொதித்த கஞ்சி சல்லடைக் கண் ஒவ்வொன்றையும் பூசி அடைத்துவிட்டது. முன்குழாய் மட்டும் குறைவில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"அடி! பலமா அடி!" என்று தங்கப்பன் கத்தினான்.

கூலியாள் பலமாக அடித்தான். குழாய் மூட்டு கழன்று, சூடான கஞ்சி தங்கப்பனின் கோட்டு மார்பில் ஒரு வீச்சு, காரியதரிசியின் பூட்ஸில் ஒரு வீச்சு, மீதி முழுவதும் கம்பளத்தில்.

காய்ந்தால் சரியாகிவிடும் என்று யாரோ நான்கு மின்விசிறியையும் சுழலவிட்டார்கள். அரை மணியில் மேல்பாகம் மட்டும் காய ஆரம்பித்தது. கம்பளத்தின் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டி, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொண்டது. ஒரு மெம்பர் மேலே கால் வைத்தார். மொறுக் என்றது.

யாரோ சிரித்தார். ஒருவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கோயில் வாசலில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. இந்தத் தடவை சுசீலாபாய்க்கு நெஞ்சு குளிர்ந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள்.

நாகேஸ்வரன் சிரிக்கவில்லை. "கார்ப்பெட்டைக் குடுத்தா அப்பளமாப் பண்ணி வெச்சிருக்கீரே! இதுக்கு யார் ஜவாப்தாரி? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

தங்கப்பன் கை பிசைந்தான். கண் அங்கும் இங்கும் ஓடியது. பிறகு ஒரு வழி கண்டவன் போலச் சத்தமாகச் சொன்னான்:

"சார், இது நான் செஞ்ச மெஷினே இல்ல! என் தம்பி ராஜமணி செஞ்சது. வரைஞ்சதும் அவன், மருந்து எழுதினதும் அவன் வீட்டுல. எனக்கு இதுல ஒண்ணும் அறியாது. பிடிக்கணும்னா அவனைப் பிடியுங்க."

மெம்பர்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மூன்று மாதமாக எதற்காக ஏங்கினாளோ அந்தப் பெயரை, அத்தனை பேர் முன்னால், அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். பழியைத் தம்பி தலையில் கட்டத்தான் சொன்னான். எதற்காகச் சொன்னால் என்ன? சுசீலாபாய் வராந்தாவிலிருந்து நேராக ஹாலுக்குள் வந்தாள்.

"சார், நான் ராஜமணியோட வீட்டுக்காரி. இந்த அத்தான் சொன்னது சரிதான். எங்க வீட்டுக்காரரு செஞ்ச மெஷின்தான் இது. ஜவாப்தாரி நாங்க. ஆனா அத்தான் இப்ப சொன்னதை எழுத்துல வாங்கிக்கோங்க. நாளைக்கு மாத்திப் பேசப்பிடாது."

காகிதம் என்றதும் நாகேஸ்வரனுக்குக் கோபம் பாதி இறங்கியது. கிளப் தாளை எடுத்துத் தாமே எழுதினார். 'இந்த இயந்திரத்தைத் திட்டமிட்டு வரைந்து உருவாக்கியது முழுவதும் என் தம்பி ராஜமணியே. எனக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை.'

தப்பித்தால் போதும் என்று தங்கப்பன் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினான். இங்கிலீஷில், வால் சுழித்து, அழகாகக் கையெழுத்துப் போட்டான். மூன்று மெம்பர்கள் சாட்சி.

மை காய்கிற வரைக்கும் சுசீலாபாய் பேசவில்லை. பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சார், மெஷின்ல ஒரு குறையும் இல்ல. நீங்களே பாத்திய, சல்லடையை அடைச்சது கஞ்சி. நோட்டுல கஞ்சின்னு எழுதல்ல, காடின்னு எழுதியிருக்கு."

"காடிதானேம்மா ஊத்தினா? எங்காத்துலயும் மாட்டுக்கு அதான் வெக்கறது."

"அது மலையாளத்துல சார். தமிழ்ல காடின்னா வினாகிரி. இங்க சொறுக்கன்னு சொல்லுவாங்களே, அதாக்கும்."

நாகேஸ்வரன் பென்சிலைக் காதில் செருகினார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார். "சொறுக்க! அட ராமா! சொறுக்கைக்குப் பதிலா கழனித் தண்ணியை ஊத்தியிருக்கார் மனுஷர்!"

"சுத்தமான வெள்ளத்தை ஆறேழு தடவை விட்டு உறிஞ்சினா கஞ்சி முழுக்க வந்திரும். அப்புறம் நெசக் காடி விட்டா கலரும் நிக்கும். நாளைக்குச் சாயங்காலம் வரை தந்தா போதும் சார்."

"நாலு மணி வரைக்கும் தரேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உன் நோட்டுதானே, முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கப்படாதோ?"

"என்னிட்ட யாரும் கேக்கல்ல சார்" என்றாள் சுசீலாபாய்.

தங்கப்பன் அப்போதுதான் முழுசாகப் புரிந்துகொண்டான். "சார், அந்தக் கடுதாசியைக் கொஞ்சம்..."

"அது இப்ப ரெக்கார்டு ஓய்" என்று நாகேஸ்வரன் தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டார். "முதல்ல அந்தப் பலகையைக் கழட்டும்."

தன் பெயரைத் தானே கழற்றினான் தங்கப்பன். கஞ்சி பட்ட விரலில் திருகாணி வழுக்கி வழுக்கிப் போனது. நாலு ஆணி. நாலையும் சுசீலாபாய் நின்று பார்த்தாள்.

*

பின் வராந்தாவில் தாசம்மாள் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுசீலாபாய் வந்ததும் தலை நிமிராமல் கேட்டாள்:

"யாரும் கேக்கல்லியா பிள்ளே?"

சுசீலாபாய் குனிந்து ஒரு குடத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

"நான் கேட்டேன். தெளிஞ்ச வெள்ளமா, கலங்கின வெள்ளமான்னு கேட்டேன். நீ கலக்கச் சொன்னே. கலக்கினது இந்தக் கை. அத்தனை பேரும் பாத்தாவ, எங்க வீட்டுக்காரரும் பாத்தாவ."

"அக்கா, எனக்கு ஆத்திரம் அத்தான் மேலதான். ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

"எம்மேல இல்லேன்னா என் இடுப்புல ஏன் ஏத்திவிட்டே?"

தாசம்மாள் எழுந்து நின்றாள். குரல் உயரவே இல்லை.

"அந்தச் செம்புத் தொட்டி ஏதுன்னு தெரியுமா ஒனக்கு? எங்க அம்மை எனக்குச் சீதனமாத் தந்த அண்டா. நான் கோயிலுக்குப் போயிட்டு வாறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு வெட்டித் தகடாக்கிட்டாவ. ஒரு வார்த்தை கேக்கல்ல. இருபது வருஷமா எங்கிட்ட எதையும் கேட்டதில்ல. அந்த மனுஷன் மேல ஒன்னைவிட எனக்கு ஆத்திரம் கூடுதல். காடின்னா சொறுக்கன்னு காலையில நீ எங்கிட்ட சொல்லியிருந்தா, பச்சரி மாவையே கரைச்சு ஊத்திட்டு நானும் ஒன்கூட நின்னு சிரிச்சிருப்பேன். நீயும் அவியளை மாதிரியே எங்கிட்ட சொல்லாம எடுத்துக்கிட்டே."

"தப்புத்தான் அக்கா..."

"இனி வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியும். நீ ஒன் கதவைப் பூட்டிட்டுப் படுத்திருவே."

குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு நானும் வருவேன். கஞ்சிக்குக் காரணம் யாருன்னு செக்ரட்டரி சார் இன்னொரு தடவை கேட்டா, வாயைத் திறப்பேனோ மூடுவேனோ, எனக்கே தெரியல்ல பிள்ளே."

அவள் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். சுசீலாபாய் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும், திரும்பவில்லை.

உள்ளேயிருந்து நாகேஸ்வரன் வந்தார். முகமெல்லாம் உற்சாகம்.

"அம்மா, போனக்காட்டுக்குத் தந்தி அடிச்சாச்சு. பலகையில பேர் மாறிடுத்து, உடனே புறப்பட்டு வான்னு போட்டிருக்கேன். நாளைக்கு நாலு மணிக்கு உன் ஆத்துக்காரர் இங்க நிப்பார். சந்தோஷம்தானே?"

"சந்தோஷம் சார்" என்றாள் சுசீலாபாய்.

மூன்று மாதமாக அவள் ஜெபத்தில் கேட்டது இந்த ஒன்றைத்தான். இப்போது முதல் தடவையாக, சூதைக் கண்டால் ஒதுங்கிப் போகிற அவன் வருவது இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகாதா என்று அவளுக்கு இருந்தது.